அறுபத்தொன்றாம் நாற்காலி

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்து துப்பறிவாளரின் மேசைமேல் தடித்த பதிவேடு ஒன்றை வைத்தாள். வணக்கமும் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை.

"சார், ஒண்ணு இந்தப் பதிவேடு பொய் சொல்லுது. இல்லேன்னா எங்க அத்தை பொய் சொல்றாங்க. எதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"முதல்ல உக்காருங்க" என்றார் துப்பறிவாளர்.

எரிந்த கடைகளையும் மோதிக்கொண்ட வண்டிகளையும் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விசாரிப்பதுதான் அவருடைய பிழைப்பு. பொய் சொல்லும் பதிவேடு அவரிடம் வருவது இதுவே முதல் தடவை. பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மனைவியின் தம்பி, முப்பத்துநாலு வயது, மூன்று வேலைகளில் சேர்ந்து மூன்றையும் விட்டவன். 'சும்மா இருக்கறதுக்கு உங்க அத்தானுக்கு ஒத்தாசையா இரு' என்று அக்காக்காரி அனுப்பி வைத்து இரண்டு வருஷமாகிறது. எந்த வழக்கு வந்தாலும் கால் மணி நேரத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். அடுத்த கால் மணியில் வேறொருவரைக் கண்டுபிடிப்பான் என்பதுதான் அவனிடம் உள்ள சின்னக் குறை.

அந்தப் பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு கட்சியின் மாணவர் அணியில் இருக்கிறாள். மாநகர மாமன்றம் கூடும் நாளெல்லாம் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்து, எந்தக் கவுன்சிலர் எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினார் என்று எழுதி வைப்பது அந்த அணியின் வேலை. மாமன்றத்தின் அதிகாரபூர்வக் குறிப்பில் எத்தனை கை என்ற எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். யார் கை என்பது இருக்காது. மாடத்துக்குள் கைபேசிக்கும் கேமராவுக்கும் அனுமதியில்லை. ஆகவே யார் எப்படி வாக்களித்தார் என்பதற்கு அத்தனை பெரிய நகரத்தில் இருந்த ஒரே சாட்சி இந்த மாணவர்களின் பதிவேடுதான். மறுநாளே அதைப் பட்டியலாக்கிக் கல்லூரிச் சுவரிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டிவிடுவார்கள். கவுன்சிலர்கள் காலையில் முகம் கழுவ மறந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்க மறப்பதில்லை. அதை எழுதுகிறவள் என்பதால் இந்தப் பெண்ணுக்கு அணியில் 'ரெஜிஸ்டர்' என்றே பெயராகிவிட்டது.

"ஒன்பது நாளைக்கு முன்னாடி ஒரு தீர்மானம் வந்துச்சு சார்" என்றாள் ரெஜிஸ்டர். "ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கற விளையாட்டுத் திடலைக் கார் நிறுத்தற இடமா மாத்தணும்னு. அவங்க பக்கம் முப்பது பேர், எங்க பக்கம் முப்பது பேர். மேயருக்கு ஓட்டு கிடையாது. சரிசமமா வந்தா தீர்மானம் தோத்துரும். ஆனா முப்பத்தொண்ணுக்கு இருபத்தொம்பதுன்னு ஜெயிச்சுட்டாங்க. எங்க பக்கத்துல யாரோ ஒருத்தர் அவங்களோட சேர்ந்து கை தூக்கியிருக்காங்க."

"யாரு?"

அவள் பதிவேட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். "எங்க அத்தை. கழுகுன்னு எங்க அணிப் பையன் பாத்துச் சொன்னான், நானே என் கையால எழுதினேன்."

அத்தை பதினெட்டு வருஷமாகக் கவுன்சிலர். பெற்றோர் வேலைக்காக வெளிநாடு போனபோது ரெஜிஸ்டருக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அத்தை வீடுதான் அவளுக்கு வீடு. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, அரசியல் பேசக் கற்றுக்கொடுத்தது எல்லாம் அத்தைதான்.

"பட்டியல் ஒட்டின அன்னைக்கு வீட்டுக்குப் போய், 'ஏன் அத்தை இப்படிப் பண்ணினீங்க?'ன்னு கேட்டேன். என்னை மேலும் கீழும் பாத்தாங்க. ஒண்ணுமே சொல்லல. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நானும் பையை எடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். கட்சியில கேட்டப்போ மட்டும், 'நான் எதிர்த்துதான் தூக்கினேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு விசாரணை. கட்சியை விட்டு நீக்கப் போறாங்க சார். அதுக்கு ஒரே சாட்சி என் கையெழுத்து." விரல் இன்னும் அந்த வரியிலேயே இருந்தது. "அத்தை பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. நானும் பொய் எழுதல. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றான் மைத்துனன். "உங்க கூட வந்தவன் வேணும்னே தப்பாச் சொல்லியிருக்கான். பொறாமை."

"கழுகா? அவன் அத்தை வீட்லதான் அண்ணா பாதி நாள் சாப்பிடுவான்."

துப்பறிவாளர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பக்கம் நிறைய எண்கள். ஆதரவு என்று ஒரு பத்தி, எதிர்ப்பு என்று ஒரு பத்தி. ஆதரவுப் பத்தியின் கடைசியில் 61 என்று இருந்தது. "இதுல பேரே இல்லையே?"

"அங்க பேர் எழுத நேரம் இருக்காது சார். கழுகு இருக்கை நம்பரைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டேன். ஆபீசுக்கு வந்து வரைபடத்தை வச்சுப் பேர் போட்டுக்குவோம். ஒவ்வொருத்தருக்கும் இருக்கை நிரந்தரம். அணி நாலு வருஷமா இப்படித்தான் பண்ணுது, ஒரு தப்பு வந்ததில்ல."

"கட்சியில உங்க அத்தைக்காகப் பேசறவங்க யாராவது?"

"சால்வையம்மா மட்டும்தான். அவங்களும் கவுன்சிலர். எப்பவும் ஒரு பழுப்புச் சால்வை போத்தியிருப்பாங்க, அதான் அந்தப் பேரு. 'பதினெட்டு வருஷம் உழைச்சவ ஒரு தடவை தவறிட்டா, கண்டிச்சு விட்டுடுங்க, போனதைப் போய்க் கிளறாதீங்க'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க. நல்ல மனசு."

துப்பறிவாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "மாமன்றம் சனிக்கிழமை திறந்திருக்குமா?"

"ஒரு மணி வரைக்கும் ஆபீஸ் உண்டு சார்."

*

மாமன்ற மண்டபத்தில் திங்கட்கிழமைக் கூட்டத்துக்காகத் தரையைத் துடைத்து, ஏசியை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் மாடம் பின்சுவருக்கு மேலே இருந்தது. கழுகு அங்கே முன்னாலேயே வந்து காத்திருந்தான். ஒல்லியான பையன், பஸ் தெருமுனை திரும்பும்போதே அதன் எண்ணைச் சொல்லிவிடுவான் என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்பது நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மாடத்திலிருந்து பார்த்தால் நாற்காலிகளின் முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொரு முதுகிலும் வெள்ளை வண்ணத்தில் எண். நடுவில் நடைபாதை, இடப்பக்கம் ஒன்றிலிருந்து முப்பது வரை ஆளும் தரப்பு, வலப்பக்கம் முப்பத்தொன்றிலிருந்து அறுபத்தொன்று வரை இவர்கள் தரப்பு. மேயரும் எழுத்தரும் எதிரே மேடையில். கவுன்சிலர்களின் முகத்தைப் பார்க்கிற பாக்கியம் அவர்களுக்குத்தான். எழுத்தரோ எண்ணி முடிக்கிற அவசரத்தில் கைகளை மட்டும் பார்ப்பார்.

"அறுபத்தொண்ணு எது?"

"இதோ, நமக்கு நேர் கீழ, கடைசி வரிசையில கடைசி" என்றான் கழுகு. "பக்கத்துல அறுபது காலி. அந்தக் கவுன்சிலர் நாலு மாசமா ஆஸ்பத்திரியில."

"அன்னைக்கு அதுல இருந்தவங்க ஆதரவாக் கை தூக்கினாங்களா?"

"தூக்கினாங்க சார். சத்தியமா. ரெஜிஸ்டரோட அத்தையாச்சேன்னு நான் ரெண்டு தடவை பாத்தேன். நரைச்ச கொண்டை, தூக்கின கை, அறுபத்தொண்ணு. சொல்லும்போது என் வாயே கூசிச்சு."

"முன்வரிசை நம்பர் இங்கிருந்து சரியாத் தெரியலையே."

"தெரியாது சார். முப்பத்துநாலு சால்வையம்மா இடம். அந்தச் சால்வையை வச்சு ரெண்டு பக்கமும் எண்ணிக்குவேன். அன்னைக்கும் சால்வை அங்கதான் இருந்துச்சு. எண்ணிக்கை மாறவே இல்ல."

"நீங்க இப்படி எண்ணறது வெளியில யாருக்குத் தெரியும்?"

கழுகின் முகத்தில் அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "நிறையப் பேருக்குத் தெரியும் சார். போன மாசம் எங்க ஆபீசுக்கு ரெண்டு பத்திரிகைக்காரங்க வந்தாங்க, கட்சித் தலைவர் வந்தாரு, சால்வையம்மா வந்தாங்க. எல்லாருக்கும் வரைபடத்தைக் காட்டி விளக்கினோம்."

துப்பறிவாளர் மைத்துனனைக் கீழே அனுப்பினார். அவன் அறுபத்தொன்றில் உட்கார்ந்து கையை உயர்த்தினான், இறக்கினான், சாய்ந்துகொண்டான். "நல்ல நாற்காலி அத்தான். தூக்கம் வருது."

"முப்பத்துநாலுக்குப் போ மாப்ளே. அஞ்சு நிமிஷம் உக்காரு."

ரெஜிஸ்டர் இதற்கிடையில் கூட்டத்து நாளில் போலவே பதிவேட்டை மடியில் விரித்துக் குனிந்து ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறிவாளர் சாதாரணமாகக் கேட்டார்: "முப்பத்துநாலுல யாரு இருக்காங்க?"

"சால்வையம்மா" என்றாள் அவள், நிமிராமலே.

கீழே முப்பத்துநாலில் மைத்துனன் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழுகு சிரித்துவிட்டான். அவள் நிமிர்ந்து பார்த்து, முகம் சிவந்து, "பழக்கதோஷம் சார்" என்றாள். துப்பறிவாளர் சிரிக்கவில்லை.

"அத்தான், போதுமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "மேல இருக்கற ஓட்டை வழியா ஏசி நேரா என் பிடரியிலதான் இறங்குது. இதுல மனுஷன் உக்காருவானா?"

மாடத்தை விட்டு இறங்கும்போது துப்பறிவாளர் இன்னொன்று கேட்டார்: மாமன்றத்தில் வருகைப்பதிவு எப்படி?

"கூட்டம் ஆரம்பிச்சதும் ஒரு தாள் சுத்தி வரும், கையெழுத்துப் போடுவாங்க" என்றாள் ரெஜிஸ்டர். "நாங்க அதை வாங்கிப் பாக்கறதில்ல சார். யார் வந்தாங்கன்னு எங்களுக்கே தெரியுமே."

யார் கேட்டாலும் அதன் நகலைத் தரவேண்டும் என்பது விதி. மைத்துனன் வரிசையில் நின்று, இரண்டு விண்ணப்பம் எழுதி, ஒரு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அதை வாங்கி வந்தான். வரும்போதே புலம்பிக்கொண்டு வந்தான்.

"இதுக்கா இவ்வளவு அலைச்சல்? ஒரு ஒழுங்கும் இல்ல அத்தான். அகரவரிசையும் இல்ல, வார்டு வரிசையும் இல்ல. கலைஞ்ச சீட்டுக்கட்டு மாதிரி இருக்கு. யார் எங்க கையெழுத்துப் போட்டாங்கன்னு தேடறதுக்குள்ள கண்ணு பூத்துடும்."

துப்பறிவாளர் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு கீழிருந்து மேலாக ஒருமுறை படித்து, மடித்து வைத்துக்கொண்டார்.

"இப்ப எனக்குத் தெளிவாயிடுச்சு" என்றான் மைத்துனன். "கவுன்சிலரம்மாதான் தூக்கியிருக்காங்க. மருமக முகத்துல முழிக்க வெக்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

"அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து வெக்கப்படலாம்" என்றார் துப்பறிவாளர்.

*

ரெஜிஸ்டர் தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். வீட்டு வாசல்வரை வர அவளுக்குக் கால் வரவில்லை.

கதவைத் திறந்த அத்தை உயரமான பெண்மணி. நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் காட்டத் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினார். "கழுத்துப் பிடிச்சிருக்கு. ஒரு வாரத்துக்கு மேலாச்சு. தைலம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கைதான் வலிக்குது."

காட்டிய நாற்காலியில் சலவைக்கடைத் தாள் சுற்றிய பழுப்புச் சால்வை ஒன்று இருந்தது. துப்பறிவாளர் அதைப் பத்திரமாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நல்ல கம்பளி."

"என்னோடது இல்ல. திருப்பிக் குடுக்கணும். இந்தக் கலாட்டாவுல எங்க போறது?"

"ஒரே ஒரு கேள்விதாம்மா. அன்னைக்கு நீங்க கை தூக்கினப்போ உங்க முன்னாடி யார் உக்காந்திருந்தாங்க?"

"முன்னாடி யாரு? எழுத்தர் மேசைதான். அவர் என் கையைப் பாத்து எண்ணினாரே, அது ஞாபகம் இருக்கு." அத்தை சற்று நிறுத்தினார். "நீங்க எந்தப் பக்கத்து ஆளுன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் எதிர்த்துதான் தூக்கினேன்னு ஒரு தடவை சொல்லியாச்சு. அதுக்கு மேல பேசினா, அவ எழுதினது பொய்னு நாலு பேர் முன்னாடி நானே சொல்லணும். இருபது வயசுல அவளுக்குப் பொய்க்காரின்னு ஒரு பேர் வரணுமா? என்னை நீக்கிட்டுப் போகட்டும்."

"அவங்க பொய் எழுதினாங்கன்னு நினைக்கறீங்களா?"

அத்தையின் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க முகத்தைத் திருப்பலாம் என்றால் கழுத்து இடம் கொடுக்கவில்லை. "நான் வளத்த பொண்ணு. ஏன் அப்படி எழுதினான்னு எட்டு நாளா யோசிக்கறேன். நான் என்ன குறை வச்சேன்னு யோசிக்கறேன். எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

துப்பறிவாளர் எழுந்துகொண்டார். சால்வையையும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குக் கட்சி அலுவலகத்துக்கு வரும்படி அத்தையைக் கேட்டுக்கொண்டார். படியிறங்கும்போது மைத்துனன் முதல் தடவையாக யாரையும் குற்றவாளி என்று சொல்லாமல் வந்தான். இவர்கள் இரண்டு பேருமே நல்லவர்களாக இருந்தால் தப்பு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

*

கட்சி அலுவலகத்தின் நீண்ட மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் நடுவில், அவருக்கு வலப்பக்கம் சால்வையம்மா, அத்தையைப் போலவே நரைத்த கொண்டையோடு, இன்று சால்வையில்லாமல். எதிரே தனியாக ஒரு நாற்காலியில் அத்தை. சுவரோரம் மாணவர்கள் நின்றார்கள். ரெஜிஸ்டர் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு, அத்தையைப் பார்க்காமல் கழுகின் பக்கத்தில் நின்றாள்.

"சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் தலைவர். "எங்களுக்கும் வேலை இருக்கு."

"சுருக்கமாவே சொல்லிடறேன்" என்றார் துப்பறிவாளர். "உங்க தரப்புல ஒருத்தர் மாறிக் கை தூக்கினது உண்மை. எண்ணிக்கையே சொல்லுது. அந்தக் கை அறுபத்தொன்றாம் நாற்காலியிலிருந்து எழுந்துச்சுன்னு பதிவேடு சொல்லுது. அதுவும் உண்மை. பையனோட கண்ணுலயும் தப்பில்ல, பொண்ணோட கையிலயும் தப்பில்ல. ஆனா பதிவேடு நாற்காலியைத்தான் சொல்லுது, ஆளைச் சொல்லல. ஆளை நீங்க எல்லாரும் வரைபடத்தைப் பாத்துப் போட்டுக்கிட்டீங்க."

"இருக்கைதான் நிரந்தரமாச்சே" என்றார் தலைவர்.

"நிரந்தரம்தான். எழுந்து வேற இடத்துல போய் உக்காரக் கூடாதுன்னு நாற்காலி பிடிச்சு வைக்குமா? அம்மா வீட்ல பாத்தேன். கழுத்துப் பிடிச்சிருக்கு. அறுபத்தொண்ணுல என் மைத்துனன் உக்காந்தான், தூக்கம் வந்துச்சு. முப்பத்துநாலுல உக்காந்தான், அஞ்சு நிமிஷத்துல கத்தினான். அங்கதான் ஏசி பிடரியில இறங்குது. கை தூக்கும்போது முன்னாடி யார் இருந்தாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். எழுத்தர் மேசைன்னு சொன்னாங்க. கடைசி வரிசையில இருந்தா முன்னாடி மூணு வரிசைத் தலை தெரிஞ்சிருக்கும். ஏம்மா, அன்னைக்கு நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

அத்தை குழம்பிப்போய்ப் பார்த்தார். "முன்வரிசையில. தொண்டை கட்டியிருக்கு, ஏசி ஒத்துக்கல, கொஞ்சம் இடம் மாறிக்கலாமான்னு இவ கேட்டா. கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாறிக்கிட்டோம். உனக்குக் குளிரும்னு சால்வையையும் குடுத்தா. ஆளைப் பாத்துத்தானே எழுதறாங்க, இதுல என்ன இருக்கு?"

எல்லாத் தலையும் சால்வையம்மா பக்கம் திரும்பியது. அவர் அமைதியாகத்தான் இருந்தார்.

"வேற ஏதோ கூட்டத்துல நடந்ததை இதோட போட்டுக் குழப்பிக்கறா. சால்வை நான் வெளியில வந்தப்புறம் குடுத்தது."

"இருக்கலாம்" என்றார் துப்பறிவாளர். "அதனாலதான் இதை வாங்கி வரச் சொன்னேன்." வருகைத்தாளின் நகலை மேசைமேல் விரித்து, பக்கத்தில் மாணவர்களின் இருக்கை வரைபடத்தை வைத்தார். "ஒரு ஒழுங்கும் இல்லைன்னு என் மைத்துனன் சலிச்சுக்கிட்டான். ஒழுங்கு இருக்கு. தாள் ஒண்ணாம் நாற்காலியில கிளம்பி கை மாறி கை மாறி அறுபத்தொண்ணுல முடியுது. உக்காந்த வரிசையிலதான் கையெழுத்து விழுந்திருக்கு. பாருங்க. முப்பத்துமூணாம் இருக்கைக்காரர். அடுத்தது இந்த அம்மா. அடுத்தது முப்பத்தஞ்சாம் இருக்கைக்காரர். அப்புறம் வரிசையா எல்லாரும். தாள்ல கடைசிக் கையெழுத்து உங்களோடது."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். முப்பத்துமூணாம் இருக்கைக்காரர், "அன்னைக்கு என் பக்கத்துல இந்த அம்மா இருந்தது உண்மைதான், எதுக்குக் கை தூக்கினாங்கன்னு கவனிக்காம பட்டியலை நம்பிட்டேன்" என்று மெல்லச் சொன்னார்.

"போன மாசம் மாணவர்கள் எண்ணற முறையை உங்களுக்கு விளக்கினாங்க" என்று துப்பறிவாளர் தொடர்ந்தார். "அறுபத்தொண்ணுக்குப் பின்னாடி சுவர், பக்கத்துல காலி நாற்காலி. நீங்க கை தூக்கறதை உங்க கட்சியில யாரும் பாக்க முடியாது. மேல இருக்கற பையன் கொண்டையையும் நம்பரையும் பாப்பான். முன்வரிசையில சால்வையைப் பாப்பான். நாலு வருஷமா அந்தக் குளிர்ல குறை சொல்லாம உக்காந்தவங்களுக்கு அன்னைக்கு மட்டும் ஒத்துக்காம போச்சு. அப்புறம் ஊரே இந்த அம்மாவைத் திட்டும்போது, கிளறாதீங்கன்னு நீங்க ஒருத்தர்தான் கெஞ்சினீங்க. கிளறினா என்ன வரும்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

சால்வையம்மா தலைவரைப் பார்த்துப் பேசவில்லை, அத்தையைப் பார்த்துத்தான் பேசினார்.

"என் வார்டுல பிரசவ வலி வந்தா ரெண்டு பஸ் மாறணும். கை தூக்கினா ஆஸ்பத்திரி கட்டித் தர்றோம்னாங்க. ஆறு வருஷமாக் கேட்டுக் கிடைக்காதது. எனக்குன்னு ஒரு பைசா வாங்கல. வெளியில தெரிஞ்சா அடுத்த தேர்தல்ல கட்சி எனக்கு இடம் தராது. உனக்குப் பதினெட்டு வருஷப் பேர் இருக்கு. நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார் அத்தை. "ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு எல்லார் முன்னாடியும் தூக்கியிருந்தா உன்னோட சண்டை போட்டிருப்பேன். இப்படி ஆகியிருக்காது."

சால்வையம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து வெளியே போனார். சலவைத் தாளில் சுற்றிய சால்வை அத்தையின் மடியிலேயே இருந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க அத்தைக்கும் தோன்றவில்லை, கேட்டு வாங்க அவருக்கும் வாய் வரவில்லை.

தலைவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். கட்சியின் சார்பில் வருந்துவதாகச் சொன்னார். திடல் விஷயத்தில் இனி செய்ய ஒன்றுமில்லை, வாக்கு வாக்குதான் என்றும் சொன்னார். கடைசியில் மாணவர்கள் பக்கம் திரும்பி, "திருத்தம் போட்டு இன்னைக்கே ஒட்டிடுங்க" என்றார். எல்லாருக்கும் சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்றிருந்தது.

கழுகு நேராக அத்தையிடம் வந்து, "அத்தை, மன்னிச்சுடுங்க. நான் தலையைப் பாத்தேன், முகத்தைப் பாக்கல" என்றான். அத்தை அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ரெஜிஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றாள். பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, எழுதாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் அத்தை இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டது ஞாபகம் வந்தது. ஊர் முழுக்கச் சுவரில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி அது. நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் மெல்ல நடந்து அத்தையின் நாற்காலிக்கு முன்னால் வந்தாள்.

"அத்தை, அந்தத் தீர்மானத்துக்கு நீங்க எப்படி ஓட்டுப் போட்டீங்க?"

"அதான் தெரிஞ்சுபோச்சே" என்று சுவரோரம் ஒருவன் முணுமுணுத்தான். மைத்துனன் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான்.

அத்தை எதிரே நின்றவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதிர்த்து" என்றார்.

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ."

அவள் குனிந்தாள். நின்றபடி எழுதியதில் பேனா தாளில் சரியாகப் பதியவில்லை. அத்தை பதிவேட்டைத் தன் மடியில் வாங்கி வைத்து, அவள் எழுதி முடிக்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.